கொம்பு வைத்த தவளை

ஹாங்காங்,
ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது. சுங்கிங் மேன்ஷனில் புளி, அப்பளம் எல்லாம் கிடைக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அறை நம் மாம்பலம் வீட்டு அடுக்களை அளவுதான். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஏசியின் முதுகு. அவ்வளவுதான் அதைப் பற்றி.

எழுத உட்கார்ந்தது ஒரு தவளையைப் பற்றி. சிரிக்காதீர்கள்.

போன சனிக்கிழமை ராத்திரி ஆபீஸ் நண்பன் பீக் மலைக்குக் கூட்டிப்போனான். கீழே முழுக்கக் கண்ணாடிக் கட்டடம். சாலையை விட்டுக் கொஞ்சம் இறங்கினால் ஓடை, இருட்டு, ஈரச்சருகு வாசனை. கரையில் ஏதோ வறட்டுக் குரலில் கத்திக்கொண்டே இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பீர்களே, அந்தக் கதைதான். அரைமணி தேடினோம். டார்ச் பட்ட இடத்தில் சருகு மட்டும் கிடந்தது. அப்புறம் பார்த்தால் அந்தச் சருகுக்குக் கண் இருந்தது!

நாலு சென்டிமீட்டர்கூட இருக்காது. பழுப்பு நிறம், கண்களுக்கு நடுவே கறுப்பு முக்கோணம், ஒவ்வோர் இமை மேலும் சின்னதாக ஒரு சதைக்கூர். அதற்குத்தான் கொம்பு என்று பெயர். எனக்கென்னவோ தூக்கக்கலக்கத்தில் புருவம் உயர்த்தின மாதிரி இருந்தது. கால் ரொம்பக் குட்டை. கிட்டே போயும் அது குதிக்கவில்லை. சருகு என்று நம்மை நம்பவைப்பதில் அவ்வளவு உறுதி.

அதன் தலைப்பிரட்டை இன்னும் வேடிக்கை. வாய் புனல் மாதிரி மேல்நோக்கி விரிந்திருக்கும். ஓடையின் மேல்மட்டத்தில் தொங்கியபடி, மிதந்து வரும் துணுக்குகளை உறிஞ்சுமாம்.

உங்களுக்கென்றே ஒரு சேதி வைத்திருக்கிறேன். 1961-ல் இங்கர், ரோமர் என்ற இருவர்தான் இதைப் புது இனம் என்று எழுதினார்கள், இதே மலையிலிருந்து. அந்த ரோமருக்கு இங்கே அரசாங்கத்தில் என்ன உத்தியோகம் தெரியுமா? எலி, பூச்சி ஒழிப்பு அதிகாரி! கொசு மருந்து பம்ப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு நீங்கள் சைதாப்பேட்டைச் சந்தெல்லாம் சுற்றியது நினைவு வந்தது. கிணற்றடித் தவளை மேல் மருந்து படக்கூடாது, அதுவும் நம்ம டிபார்ட்மெண்ட்தான் என்பீர்கள்.

சரி, மழை வந்ததும் கிணற்றடியில் அவை கத்தினால் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். என் நண்பனுக்குப் போட்டுக்காட்ட வேண்டும்.

அன்புடன்,
முரளி