கத்தும் பெல்ட்டைப் பற்றி நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உன் காரில் ஏசி, மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் போன்றவற்றை எஞ்சினின் விசையால் சுழற்றும் பெல்ட்டை மாற்றிய சில வாரங்களிலேயே பழைய சத்தம் திரும்பிவிட்டது என்றும், மெக்கானிக் மறுபடியும் ஒரு பெல்ட் வாங்கி வரச் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தாய். அந்த இரண்டாவது பெல்ட்டை இப்போதைக்கு வாங்காதே. சத்தம் பெல்ட்டில் எழுவது உண்மைதான்; ஆனால் புதிய பெல்ட்டையும் கத்தவைக்கும் காரணம் பெரும்பாலும் அதற்கு வெளியே இருக்கும், அதைக் கண்டுபிடிக்காதவரை எத்தனை பெல்ட் மாட்டினாலும் பணம்தான் வீணாகும்.

எந்த மாதிரியான சத்தம் என்று நீ எழுதவில்லை, முதலில் தெரியவேண்டியது அதுதான். காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும், ஏசியைப் போட்டதும், ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பும்போதும் நீளமாகக் 'கிரீச்' என்று கேட்டால், பெல்ட், தான் சுற்றி ஓடும் சக்கரமான புல்லியின் மேல் வழுக்குகிறது என்று பொருள். ஸ்டார்ட் செய்வதற்குச் செலவான மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பித் தருவதற்காக ஆல்டர்னேட்டர் அந்த நேரத்தில் கடுமையாக உழைக்கிறது. இழுவிசை குறைந்த பெல்ட் அந்தச் சுமையைத் தாங்காமல் நழுவுகிறது. அப்படியில்லாமல், எஞ்சின் மெதுவாக ஓடும்போது குருவி கத்துவதுபோல் விட்டுவிட்டுக் 'கீச் கீச்' என்று கேட்டால், புல்லிகளில் ஏதோ ஒன்று மற்றவற்றோடு ஒரே நேர்கோட்டில் இல்லை என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இவ்விரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, எட்ட நின்று, பெல்ட்டின் வரிகள் உள்ள பக்கத்தில் சிறிது தண்ணீரைத் தெளிக்கச் சொல். சத்தம் சற்று அடங்கி மீண்டும் வந்தால் கோளாறு புல்லியின் நேர்கோட்டில். தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் இழுவிசை போதவில்லை. எந்த மாற்றமுமே இல்லையென்றால், புல்லிகள் தடையின்றிச் சுழல உதவும் பேரிங்குகளைப் பார்க்கவேண்டும். சில நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் உதிரிபாகம் வாங்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இழுவிசைதான் குறை என்று தெரிந்தால், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரைப் பார்க்கவேண்டும். தானியங்கி டென்ஷனரின் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் காலப்போக்கில் தளர்ந்துவிடும். எஞ்சின் ஓடும்போது அதன் கை பெரிதாகத் துள்ளினால், அதன் அதிர்வுத் தடுப்பு தேய்ந்திருக்கலாம், அல்லது ஆல்டர்னேட்டர் புல்லியில் ஒருவழிக் கிளட்ச் உள்ள வண்டியாக இருந்தால் அது இறுகிப்போயிருக்கலாம். கையால் இறுக்கும் வகை என்றால், சத்தம் போகட்டும் என்று அளவுக்கு மேல் இறுக்க விடாதே; ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் ஆகியவற்றின் பேரிங்குகள் அதனால் சீக்கிரம் கெட்டுவிடும்.

என் காரிலும் அண்மையில் சத்தம் வந்தது, ஆனால் அது உறுமலைப் போன்ற ஒரு 'கரகர'. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுழற்றியபோது, பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லி மட்டும் சொரசொரப்பாகச் சுழன்றது. அதை மாற்றியதோடு சத்தம் நின்றது, பழைய பெல்ட்டே இன்னும் ஓடுகிறது.

பெல்ட்டின் மேல் எண்ணெயோ எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டோ கசிகிறதா என்பதையும் பார்க்கச் சொல். கசிவை நிறுத்தாமல் புதிய பெல்ட் மாட்டினால் அதுவும் நனைந்து வழுக்கும். கடையில் கிடைக்கும் பெல்ட் ஸ்பிரேயை அடிக்க அனுமதிக்காதே; சில நாள் சத்தம் அடங்கும், பிறகு அதன் பிசுபிசுப்பில் தூசி ஒட்டிக்கொண்டு நிலைமை மோசமாகும். இக்காலத்து பெல்ட்டுகள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரால் ஆனவை. அவை பழைய பெல்ட்டுகளைப்போல் எளிதில் வெடிப்பதில்லை, வரிகளின் பள்ளம் மெல்லத் தேய்ந்துகொண்டே போகும். ஆகவே வெடிப்பு இல்லை என்பதை மட்டும் வைத்து பெல்ட் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக்கூடாது.

இதைத் தள்ளிப்போடாதே என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஓடும் வழியில் இந்த பெல்ட் அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும், ஹைட்ராலிக் ஸ்டீயரிங் கனத்துவிடும். உன் எஞ்சினில் வாட்டர் பம்ப்பும் இதே பெல்ட்டில் ஓடுமானால், சூடு ஏறுவதற்குள் வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். நீயே பானெட்டைத் திறந்து பார்ப்பதானால் துண்டு, தொங்கும் சட்டைக்கை எதுவும் பெல்ட்டின் அருகே போகவேண்டாம், எஞ்சினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலக்கூடும் என்பதை மறவாதே.

தண்ணீர்ச் சோதனையில் சத்தம் கூடியதா, அடங்கியதா என்று எழுது. அடங்கியிருந்தால், அண்மையில் எந்த உதிரிபாகத்தை மாற்றினார்கள் என்பதையும் சேர்த்து எழுது. புதிதாக மாட்டிய புல்லி முழுவதும் உள்ளே உட்காராமலும், பிராக்கெட்டின் போல்ட் இறுகாமலும் இருப்பது அடிக்கடி நடப்பதுதான்.

அன்புடன்,
உன் நண்பன்