வேலைக்குப் போகிறவர் வீட்டிலும் நாய்க்கு இடம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீட்கப்பட்ட நாய்களைத் தத்துக்குப் போகும்வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அக்கறையோடு எழுதப்பட்ட கட்டுரை. ஆனால் முழுநேர வேலையில் இருப்பவர்கள் இதில் இறங்காமல் இருப்பதே நல்லது என்று ஒரே வரியில் சொல்லி முடித்திருந்தது மனதை உறுத்தியது. வேலைக்குப் போய்க்கொண்டே பல வருடங்களாக இப்படி நாய்களை வைத்திருந்து அனுப்புகிறவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

பகல் முழுவதும் ஆள் இருக்கிற வீடு கிடைத்தால் நாய்க்கு நல்லதுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அப்படிப்பட்ட வீடுகள் எத்தனை கிடைக்கின்றன? கிடைக்காதபோது அந்த நாய் இருக்கப்போவது காப்பகத்துக் கூண்டில். அங்கேயும் அது பெரும்பாலான நேரம் தனியாகத்தான் கிடக்கிறது. கூடவே சுற்றிலும் ஓயாத குரைப்பு, புது வாசனைகள், முன்பின் தெரியாத ஆட்கள். நல்லபடியாக இருக்கிற வளர்ந்த நாய் ஒரு நாளில் ஏறக்குறைய பாதியைத் தூங்கியும் படுத்துக் கிடந்தும் கழிக்கும். அந்தத் தூக்கம் அமைதியான அறையில் கிடைக்கட்டுமே.

அதற்காக எந்த நாயையும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லவில்லை. கண் திறக்காத குட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும்கூட, பால் புகட்ட வேண்டும். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. பரிதாபப்பட்டு இவற்றை வாங்கிவந்து பூட்டிவிட்டு வேலைக்குப் போவது கொடுமை. வேலைக்குப் போகிறவர்களுக்குப் பொருந்துவது நடுவயது நாய்களும் வயதான நாய்களும். தத்துக்குச் சீக்கிரம் போகாமல் காப்பகத்திலேயே தங்கிப்போகிறவையும் பெரும்பாலும் இவைதான். இதயப்புழுவுக்குச் சிகிச்சை பெறுகிற நாயை வாரக்கணக்கில் ஓடவிடாமல் சும்மா வைத்திருக்க வேண்டும். கால்நடை மருத்துவர் சரி என்றால், அதற்குக்கூட ஆள் நடமாட்டம் குறைந்த வீடு நல்ல இடம்தான். வளர்ந்த நாயாக இருந்தாலும் நடுப்பகலில் ஒருவர் வந்து வெளியே அழைத்துப் போகிற ஏற்பாடு வேண்டும். அதற்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் நாயைக் கொண்டுவருவதைத் தள்ளிப்போடுங்கள்.

தனியாக இருக்கப் பழக்குவதுதான் இதில் பெரிய வேலை. புதிதாக நாய் வந்ததும் லீவு போட்டு நாள் முழுக்கக் கூடவே இருக்கத் தோன்றும். லீவு முடிகிற அன்று அது திடீரென்று முழுப்பகலும் தனியாகிவிடும். பயந்துபோன நாய்க்கு இது தாங்காது. லீவு போடுங்கள், ஆனால் முதல் நாளிலிருந்தே ஒரு நிமிடம் வெளியே போய்த் திரும்பி வாருங்கள். அது பதறாமல் இருந்தால் ஐந்து நிமிடம், அப்புறம் அரை மணி நேரம். எங்கும் போகாதபோதும் சாவியை எடுங்கள், செருப்பைப் போடுங்கள், திரும்ப உட்காருங்கள். காலையில் நிதானமாக மோந்து பார்த்துக்கொண்டே நடக்கவிட்டு, கிளம்பும்போது உணவு அடைத்த ரப்பர் பொம்மையை நக்கக் கொடுத்தால் பல நாய்கள் அதிலேயே அமைதியாகி விடுகின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் சில நாய்களால் தனிமையைத் தாங்க முடியாது. எச்சில் வழியும், கதவைப் பிறாண்டும், கூண்டில் அடைத்தால் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். அது அடம் இல்லை, பீதி. அப்படிப்பட்ட நாயை ஆள் இருக்கிற வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்லி மீட்பு அமைப்பிடம் உடனே பேசிவிட வேண்டும். தயங்குகிற ஒவ்வொரு நாளும் அந்தப் பயம் வேரூன்றும்.

மற்ற முன்னெச்சரிக்கைகள் எல்லோருக்கும் பொது. ஏற்கெனவே வீட்டில் நாய் இருந்தால் அதற்குத் தடுப்பூசிகள் முறையாகப் போட்டிருக்க வேண்டும், புது நாயை இரண்டு வாரமாவது தனி அறையில் வைக்க வேண்டும். நாய்களுக்குக் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கி உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்குச் சாகாது. மருத்துவச் செலவு யாருடையது, நள்ளிரவில் உடம்புக்கு முடியாமல் போனால் யாரை அழைப்பது என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது முக்கியம். வேலை நேரத்தில் இதற்கெல்லாம் அலைய முடியாது.

கட்டுரையில் விட்டுப்போன ஒன்றையும் சொல்ல வேண்டும். நாயைத் தத்தெடுக்க வருகிறவர்கள் யார்? பெரும்பாலும் அவர்களும் வேலைக்குப் போகிறவர்கள்தான். எப்போதும் ஆள் இருந்த வீட்டிலேயே பழகிய நாய் அங்கே போய்ப் பகலில் தனியாகும்போது குரைக்கும், சோபாவைக் கிழிக்கும், சில நேரம் காப்பகத்துக்கே திரும்பி வரும். அந்த வலி நாய்க்குத்தான் அதிகம். வேலைக்குப் போகிற வீட்டில் இருந்த நாயைப் பற்றி எங்களால் உறுதியாகச் சொல்ல முடியும்: இத்தனை மணி நேரம் தனியாக இருக்கும், மதியம் ஒருமுறை வெளியே போக வேண்டும், இடி இடித்தால் பயப்படும். தத்தெடுக்கிறவருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் இருக்கிறதா?

அதனால் மீட்பு அமைப்புகளுக்கு உங்கள் இதழ் வழியாக ஒரு கோரிக்கை. முழுநேர வேலை என்று எழுதியிருப்பதைப் பார்த்ததுமே விண்ணப்பத்தை ஒதுக்கிவிடாதீர்கள். வீடு எத்தனை மணி நேரம் பூட்டியிருக்கும், மதியம் யார் வருவார்கள், அவசரம் என்றால் வேலையிலிருந்து கிளம்பி வர முடியுமா என்று கேளுங்கள். பதிலைப் பார்த்து, அதற்குப் பொருந்துகிற நாயைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி