பாடப்பொருள் குழுவுக்கு: பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

வணக்கம். உயர்நிலை வகுப்புகளுக்கான புதிய அறிவியல் பாடப்பொருள்கள் பற்றிய கருத்துப் படிவம் வந்து சேர்ந்தது. 'மாணவர்களின் ஆர்வம் கூடியுள்ளதா?' என்ற கேள்விக்கு 'மிகவும்', 'ஓரளவு' என்று இரண்டே கட்டங்கள். அதையும் ஆசிரியர்தான் நிரப்ப வேண்டுமாம். படிக்கிற பிள்ளைகளுக்குப் படிவமே கிடையாது.

வேதியியல் தரம்பார்த்தலுக்கு, அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவைக் கண்டறிவதற்கு, நீங்கள் தந்திருக்கும் கணினிச் செய்முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பியூரெட் என்ற அளவுக் குழாயைத் தொட்டால் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் சொட்டுகிறது. குடுவையில் இருக்கும் அமிலம் முழுதும் வினைபுரிந்து தீர்ந்ததும், நிறங்காட்டியான பினாப்தலீனால் கரைசல் இளஞ்சிவப்பாகிறது. நிறம் மாறிய நொடியே குழாய் தானாக மூடிக்கொள்கிறது. எத்தனை முறை செய்தாலும் அதே அளவுதான். இரண்டாம் முறை செய்து பார்த்த மாணவி கேட்டாள்: "இதுல தப்புப் பண்ணவே முடியாதா சார்?"

நிஜக் குடுவையில் ஒரு சொட்டு கூடிப் போனாலே நிறம் அடர்ந்துவிடும். கழுவி, மறுபடி அமிலம் அளந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். நிறம் மாறி நிலைக்கும் முடிவுநிலை நெருங்கும்போது நிறம் எட்டிப் பார்த்துவிட்டு, குடுவையைச் சுழற்றியதும் மறைந்துவிடும். இந்த முறை நிற்கிறதா என்று அரை நிமிடம் கண் கொட்டாமல் பார்த்த பிள்ளைக்கு முடிவுநிலையை யாரும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்து மேசைக்காரனின் அளவு ஏன் வேறாக வந்தது என்று அங்கே கிளம்பும் சண்டைதான் பாடம். உங்கள் திரையில் சண்டைக்கே வழியில்லை.

வெளியிடும் முன் மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் இது தெரிந்திருக்கும். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, இதுபோன்ற கணினிச் செய்முறைகளை உருவாக்கும் 'ஃபெட்' திட்டத்தில் அதைத்தான் செய்கிறார்கள்: மனதில் தோன்றுவதைச் சொல்லிக்கொண்டே இயக்கு என்று மாணவரிடம் விட்டுவிட்டு, அவர் தடுமாறும் இடங்களைத் திருத்துகிறார்கள். தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைகளுக்கு உண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவே சொல்கிறது. உங்களுக்குத் தெரியாததல்ல.

ஆனால் நடப்பது என்ன? புது அட்டை, புதுச் சின்னம், ஒருநாள் பயிற்சி, கைதட்டல். பழைய பாடப்பொருள் பெட்டிகள் பரணுக்குப் போகும். அடுத்த திட்டம் வந்ததும் இதுவும் அங்கேதான். ஒவ்வொரு திட்டத்துடனும் ஒரு பரணும் சேர்த்து அனுப்பினால் உதவியாக இருக்கும்.

பொறுத்தருள்க, கேட்க வந்தது அதுவல்ல. அடுத்த பதிப்பை முடிவு செய்யும் முன் சில வகுப்புகளில் கொடுத்து, மாணவர்கள் பயன்படுத்துவதைக் குழுவில் ஒருவராவது நேரில் உட்கார்ந்து பாருங்கள். அவர்களுக்கென்று ஒரு படிவம் கொடுங்கள், பெயர் எழுதச் சொல்லாமல். அதில் 'இல்லை' என்றும் ஒரு கட்டம் இருக்கட்டும். அந்தக் குழாய் தானாக மூடிக்கொள்வதை மட்டும் இப்போதே நிறுத்திவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியர்