பூட்டு இங்கே விற்கிறது, உத்தரவாதம் மட்டும் ஏன் வரவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு சைக்கிள் பூட்டுக்காக இவ்வளவு நீளக் கடிதமா என்று தள்ளிவிடாமல் படித்துப் பாருங்கள். என்னைப் போல ஏமாந்தவர்கள் உங்கள் வாசகர்களில் இன்னும் பலர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கோவையில் முப்பது வருடமாக லேத் பட்டறை நடத்துகிறேன். போன வருடம் என் மகள் கல்லூரிக்குப் போய்வர 42,000 ரூபாயில் கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். எங்கள் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. அவ்வளவு விலை கொடுத்துவிட்டு சாதாரணச் சங்கிலியைப் போட்டு நிறுத்த மனசு வரவில்லை, அதனால் இணையத்தில் தேடி ஒரு வெளிநாட்டு யு-லாக்கை (U வடிவ இரும்புப் பூட்டு) 5,400 ரூபாய்க்கு வாங்கினோம். அதே கனத்தில், அதே மாதிரி இரும்பில், பாதி விலைக்கும் பூட்டு இருந்தது. எனக்கு இரும்பைப் பார்த்தால் தெரியும். இருந்தும் விலை கூடியதை எடுத்தேன், ஏனென்றால் அதன் அட்டையில் கொட்டை எழுத்தில், இந்தப் பூட்டை உடைத்து உங்கள் சைக்கிளைத் திருடினால் இத்தனை டாலர் வரை தருகிறோம் என்று போட்டிருந்தது. கூடுதலாகக் கொடுத்த பணம் முழுக்க அந்த ஒரு வரிக்குத்தான்.

தை மாதம் ஒரு நாள் காலையில் கீழே இறங்கிப் பார்த்தால் சைக்கிள் இல்லை. பூட்டு மட்டும் இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. வெட்டின இடத்தில் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது, அதைப் பார்த்ததுமே கட்டிங் மெஷின் என்று தெரிந்துவிட்டது. பட்டறை இல்லாத தெரு இல்லாத ஊர் இது, பேட்டரியில் ஓடுகிற மெஷினும் இப்போது யார் கையிலும் இருக்கிறது. பெரும்பாலான பூட்டுகள் அதற்கு முன்னால் சில நிமிடங்களுக்கு மேல் நிற்காது.

சரி, உத்தரவாதம்தான் இருக்கிறதே என்று காவல் நிலையத்துக்குப் போனேன். முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான் கொடுத்தார்கள். பிறகு நாலைந்து முறை நடந்து எஃப்.ஐ.ஆர். நகலையும் வாங்கிவிட்டேன். சைக்கிள் பில், பூட்டு பில், வெட்டுப்பட்ட பூட்டின் படம், இரண்டு சாவி எல்லாவற்றையும் சேர்த்து நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. இந்த உத்தரவாதம் அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவில் சில நாடுகள் ஆகியவற்றில் வசிப்பவர்களுக்கு மட்டும்தானாம், இந்தியா பட்டியலில் இல்லையாம். அப்புறம்தான் அட்டைக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். நாலாவது மடிப்பில் அந்தப் பட்டியல் இருக்கிறது. வாங்கிய சில நாட்களுக்குள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்தால் நாடுகளின் வரிசையில் நம் நாடே இல்லை, பதிவு செய்ய நினைத்தாலும் வழி கிடையாது. இறக்குமதி செய்தவரைக் கேட்டேன். பூட்டை வரவழைத்து விற்பதுதான் எங்கள் வேலை, அட்டையில் எழுதியிருப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்.

இந்த இடக் கட்டுப்பாடு நமக்கென்று புதிதாக வந்ததும் இல்லை. சைக்கிள் பூட்டில் பேர் பெற்ற கிரிப்டோனைட் நிறுவனத்தின் கதையைப் படித்தேன் (என் பூட்டு அவர்களுடையது அல்ல, அதைச் சொல்லிவிடுகிறேன்). 1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் அவர்கள் பூட்டைப் போட்டு ஒரு சைக்கிளைத் தெருவிலேயே முப்பது நாள் விட்டு வைத்தார்களாம். கழற்ற முடிந்ததை எல்லாம் திருடர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், பூட்டு மட்டும் அசையவில்லை. நிறுவனத்துக்குப் பேர் வந்ததே அந்த ஊரில்தான். ஆனால் பின்னாளில் அதே நிறுவனம் தன் சாதாரணப் பூட்டுகளுக்கான திருட்டு உத்தரவாதத்தில் நியூயார்க் நகரத்தை விலக்கி வைத்தது, அங்கே திருட்டு அவ்வளவு அதிகம். விலக்கியதோடு விட்டுவிடவில்லை, அந்த ஊர்த் திருடர்களுக்கென்றே கனமான பூட்டு ஒன்றைச் செய்து, அதற்கு நியூயார்க் என்றே பெயர் வைத்து, உத்தரவாதத்தை அந்த ஊருக்கும் கொண்டுபோனார்கள். 2004-இல் அவர்களுடைய வட்டச் சாவிப் பூட்டு ஒன்றைப் பிளாஸ்டிக் பேனாவின் பின்பக்கத்தை வைத்தே திறக்கலாம் என்று வெளியே வந்தபோதும், பழைய பூட்டுகளை வாங்கிக்கொண்டு வேறு பூட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். ஊருக்கு ஊர் ஆபத்து வேறுதான், நிபந்தனையும் வேறாக இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த நிபந்தனை, காசு கொடுக்கும் முன்பே வாங்குகிறவன் கண்ணில் பட வேண்டும்.

இங்கிலாந்தில் இருக்கிற முறை இன்னும் தெளிவாக எனக்குப் படுகிறது. அங்கே சோல்டு செக்யூர் என்ற அமைப்பு பூட்டை உடைத்துப் பார்த்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் கொடுக்கிறது. உன் சைக்கிள் விலைக்கு இந்தத் தரப் பூட்டு போட்டிருக்க வேண்டும் என்று இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கிறார்கள். பூட்டுக்காரர் வலுவுக்குப் பொறுப்பு, பணத்துக்கு இன்சூரன்ஸ்காரர் பொறுப்பு.

நம் நாட்டை ஏன் சேர்க்கவில்லை என்பதும் எனக்கு ஓரளவு புரிகிறது. இங்கே ஒரு சைக்கிள் யாருடையது என்று காட்டப் பதிவேடு எதுவும் கிடையாது. என் அப்பாவின் சைக்கிளில் நகராட்சி கொடுத்த தகர வில்லை இருந்தது, அதில் எண் இருக்கும். அந்த வழக்கமே போய்விட்டது. ஃபிரேமின் அடியில் பெடல் அச்சுக்குக் கீழே ஒரு எண் அடித்திருப்பார்கள், அதையாவது பில்லில் எழுதித் தரலாம், எத்தனை கடைகள் தருகின்றன? என் பில்லில் இல்லை. அதனாலேயே காவல் நிலையத்தில் அரை நாள் போனது. இன்னொன்றும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களில், 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளின் திருட்டைப் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்க முடியாது, மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். பழைய சைக்கிள் வைத்திருக்கிற கூலிக்காரர், தறிக்காரர், பிளஸ் 1-இல் அரசு கொடுத்த சைக்கிளை ஓட்டுகிற பிள்ளைகள் எல்லோரும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் வருவார்கள். போலீஸ் அறிக்கை கொண்டு வா என்று கேட்கிற எந்த உத்தரவாதமும் அவர்களுக்கு உதவாது. சைக்கிள் ஒன்றையே நம்பிப் பிழைக்கிறவர்கள் அவர்கள்தான் என்பது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது.

ஆகவே உத்தரவாதத்தை உடனே இந்தியாவுக்குக் கொண்டு வா என்று நான் கேட்கவில்லை. நான் கேட்பது ஒரு வரி. வெளிநாட்டிலிருந்து வருகிற அந்த அட்டையில் இறக்குமதியாளர் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித்தான் விற்கிறார். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி அதில் அவர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய எண் எல்லாம் இருக்க வேண்டும், என் அட்டையிலும் இருக்கிறது. அதே ஸ்டிக்கரில், அதே அளவு எழுத்தில், இந்தத் திருட்டு உத்தரவாதம் இந்தியாவில் செல்லாது என்று ஒரு வரி சேர்க்க என்ன செலவாகும்? தமிழிலும் இருந்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் அந்த டாலர் தொகையின் மேலேயே ஸ்டிக்கரை ஒட்டட்டும். இணையத்தில் விற்கிறவர்களும் அட்டையின் படத்தை டாலரோடு காட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விடக்கூடாது. இங்கே செல்லாத உத்தரவாதத்தைக் காட்டி இங்கே விலை வாங்குவது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிற தவறான விளம்பரத்தில்தான் சேரும் என்பது என் எண்ணம்.

அந்த மடித்த காகிதத்தில் வழக்கு என்றால் வெளிநாட்டு நீதிமன்றத்தில்தான் என்று ஒரு வரியும் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் பலர் பயந்து விட்டுவிடுவார்கள். பயப்பட வேண்டாம். நாம் வசிக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது, பொருளுக்கு நாம் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே போகலாம். 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் சொல்லலாம். நான் முதலில் அதில்தான் பதிந்தேன், இறக்குமதியாளர் அதே பதிலைத்தான் திருப்பிச் சொன்னார். அதனால் இப்போது கோவை ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். சைக்கிள் விலையைக் கேட்கவில்லை, பூட்டின் விலை 5,400 ரூபாயையும், அந்த ஸ்டிக்கரில் ஒரு வரியையும்தான் கேட்டிருக்கிறேன்.

உங்கள் வாசகர்களில் யாராவது இந்த மாதிரி வெளிநாட்டுப் பூட்டு வாங்கியிருந்தால் உள்ளே இருக்கிற காகிதத்தை இன்றே எடுத்து நாடுகளின் பட்டியலைப் பாருங்கள். இனிமேல் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம், இது நம் ஊரில் செல்லுமா என்று கேட்டு, செல்லும் என்றால் பில்லிலேயே எழுதி வாங்குங்கள், ஃபிரேம் எண்ணையும் சேர்த்து. வெட்டுப்பட்ட பூட்டும் அட்டையும் என் பட்டறையில் லேத் பக்கத்திலேயே இருக்கின்றன, ஆணையம் கூப்பிடுகிற அன்று இரண்டையும் எடுத்துக்கொண்டு போகப்போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரர்,
கோயம்புத்தூர்.