'நம்ப வேண்டாம்' என்றால் போதுமா? பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். மழைக்காலம் வந்தால் 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை' என்று, தொலைக்காட்சி லோகோ போட்ட செய்திப் படமாக, போலி நியூஸ் கார்டு வரும். பின்னாலேயே 'வதந்திகளை நம்ப வேண்டாம்' என்ற அறிவிப்பும் வரும். இரண்டையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் பார்க்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளை, எது வதந்தி என்று எப்படிக் கண்டுபிடிக்கும்? அதைச் சொல்லிக்கொடுங்கள் என்கிறோம். வாரம் ஒரு பாடவேளை, கணினி ஆய்வகத்தில், செய்முறையாக.

2018 மே மாதம் நடந்தது தாங்கள் அறியாததல்ல. திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த 65 வயதுப் பெண்மணி சிறுவர்களுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று அடித்தே கொன்றார்கள். அந்த மாதங்களில் நாடெங்கும் சுற்றிய ஒரு வீடியோவில், பைக்கில் வரும் இருவர் தெருவில் நிற்கும் குழந்தையைத் தூக்கிச் செல்வார்கள். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, வாசக அட்டையைப் பிடித்துக் காட்டும் கடைசிக் காட்சியை மட்டும் யாரோ வெட்டியிருந்தார்கள்.

இப்படிப்பட்ட வீடியோவைக் கடைப் பலகையோ வண்டியோ தெளிவாகத் தெரியும் மூன்று நான்கு இடங்களில் நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தைக் கொண்டே தேடும் கூகுள் லென்ஸில் தேட வேண்டும். ஒன்றும் சிக்கவில்லை என்பதால் அது உண்மையாகிவிடாது. படத்தை இடவலமாகத் திருப்பியிருந்தாலும் ஓரங்களை வெட்டியிருந்தாலும் தேடல் ஏமாறக்கூடும். நாமும் திருப்பிப் போட்டு மறுபடி தேட வேண்டும். கிடைத்தவற்றில் மேலே வருவதை விட்டுவிட்டு, மிகப் பழைய தேதியுள்ளதைத் திறக்க வேண்டும். நியூஸ் கார்டு என்றால் லோகோவை நம்பாமல், அந்தத் தொலைக்காட்சியின் சொந்தப் பக்கத்தில் அதே தேதியில் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலமுறை பகிரப்பட்ட செய்திக்கு வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி போடும்; ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் அதுவும் போய்விடும். இதெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டு வருகிற வித்தையா?

கேரளத்தின் கண்ணூர் மாவட்ட நிர்வாகம் 2018லேயே சுமார் 150 அரசுப் பள்ளிகளில் இப்படி வகுப்பெடுத்தது. பாடச்சுமை என்பீர்கள். நீதிபோதனைப் பாடவேளையில் கணக்கு நடத்துகிறார்களே, அந்தக் கணக்கில் இதையும் சேர்க்கலாம். நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்ததென்று யுனெஸ்கோ அறிவித்ததாக வரும் பொய்ச் செய்தியை இன்னும் பகிர்கிறவர்களில் ஆசிரியப் பெருமக்களும் உண்டு. முதல் வகுப்பை அவர்களுக்கு எடுத்துவிடலாமோ! பொறுத்தருள்க.

கேட்பது ஒன்றுதான்: வாரம் ஒரு பாடவேளை, செய்முறையாக. 'போலிச் செய்தி - வரையறு' என்று இரண்டு மதிப்பெண் வினாவாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். ஒரு வீடியோவைக் கொடுத்து, எங்கே, எப்போது எடுத்தது என்று தேட வைத்து மதிப்பெண் போடுங்கள். வரும் கல்வியாண்டின் கால அட்டவணையிலேயே இதற்கு இடம் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செய்தி சரிபார்ப்புப் பயிற்சியாளர்கள்