கடைமடையிலிருந்து அணை வரை: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்ததும் முழங்காலைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாய் என்றுதான் முதலில் தேடினேன். சைக்கிள் ஓட்டலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டது எனக்கும் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள், வீடு கொஞ்சம் அமைதியாகிவிட்டது, மாலை நேரத்தில் செயினைத் துடைத்து எண்ணெய் விட எனக்கு நேரம் கிடைக்கிறது.

அப்புறம் நம் சைக்கிள் பயணத்துக்காக நீ அனுப்பிய வரைபடம். முதலில் நீர்த்தேக்கத்தைச் சுற்றிவிட்டு, பிறகு கால்வாயோரமாகக் கீழே இறங்குவதாகக் கோடு போட்டிருக்கிறாய். இடமெல்லாம் பிடித்திருக்கிறது, வரிசைதான் பிடிக்கவில்லை. கடைமடையில் தொடங்கித் தண்ணீர் வரும் திசையை எதிர்த்து மேலே போவோம், அணையைக் கடைசியில் பார்ப்போம்.

எதிர்த் திசை என்றதும் ஏற்றம் என்று நினைத்துவிடாதே. தண்ணீர் மண்ணை அரிக்காமல் மெல்ல நகர வேண்டும் என்பதற்காக, பாசனக் கால்வாயை நிலத்தின் சமமட்டத்தை ஒட்டி வளைத்து வளைத்து வெட்டியிருப்பார்கள். பெரிய கால்வாய்களில் 5000 மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் சரிவு என்பது சாதாரணம். அந்தக் கணக்கில் 50 கிலோமீட்டர் மிதித்தாலும் நாம் ஏறியிருப்பது 10 மீட்டர்தான். நடுவில் கால்வாயைப் படிபோலக் கட்டித் தண்ணீரைக் கீழே விழவிடும் இடங்கள் வந்தால் கரைப்பாதையும் அங்கே சற்று எழும், உன் முழங்காலுக்கு அது ஒன்றுமில்லை. கால்வாயில் எந்தத் திசையில் போவது என்பதைச் சரிவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், காற்றைப் பார்த்து முடிவு செய்தால் போதும். மேடாகப் போட்ட கரை, பக்கத்தில் மரமில்லை, எதிரே காற்று என்றால் அந்த ஒரு பொழுதே மலையேற்றத்துக்குச் சமம். அந்தப் பருவத்தில் காலையில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசும் என்று அங்குள்ளவர்களிடம் விசாரித்து வை.

கீழிருந்து போகச் சொல்வதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் முக்கியமானது. கடைமடையில் கால்வாய் தாண்டிக் குதிக்கிற அகலத்தில்தான் இருக்கும். மேலே போகப் போக ஒவ்வொரு கிளை மதகைக் கடக்கும்போதும் அது பெருத்துக்கொண்டே வரும், ஏனென்றால் அந்தக் கிளைக்குப் பிரிந்து போன தண்ணீரும் இங்கே சேர்ந்துதான் ஓடுகிறது. கடைசி வயலுக்கு எவ்வளவு வந்து சேர்கிறது, அதற்கு முன்னால் எத்தனை பேர் அதைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதை மிதித்துக்கொண்டே பார்த்துவிடலாம். இதையெல்லாம் பார்த்த பிறகு அணையின் மேல் போய் நின்றால், தேங்கிக் கிடக்கும் அந்தப் பரப்பு எதற்காக இருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அணையை முதலில் பார்த்துவிட்டால் அது வெறும் காட்சியாகப் போய்விடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சமதளம் என்று மகிழ்ந்துவிடவும் முடியாது. ஏற்ற இறக்கம் இருந்தால் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்போம், இறக்கத்தில் கால் ஓயும். கால்வாய்க் கரையில் இரண்டுமே கிடையாது, மிதிப்பதை நிறுத்தினால் கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றுவிடும், ஒரே நிலையில் மணிக்கணக்காக உட்கார்ந்து உள்ளங்கை மரத்துப் போகும், சீட்டில் வலி தொடங்கும். அதனால் பாலம் வரும்போதெல்லாம் தேவை இல்லாவிட்டாலும் இறங்குவோம். கைப்பிடியில் பிடிக்கும் இடத்தை மாற்றிக்கொண்டே இரு.

எந்தக் கரை என்பதையும் முன்பே பார்த்துவிட வேண்டும். பல கால்வாய்களில் ஊழியர்களின் வண்டி போகும் பாதை ஒரு கரையில்தான் சரியாக இருக்கும், எதிர்க்கரை முள்ளும் புதருமாகக் கிடக்கும். அடுத்த பாலம் வெகுதூரத்தில் இருந்தால் நடுவில் கரை மாற வழியில்லை. காட்டாறு குறுக்கிடும் இடங்களைச் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பார். ஆற்றின் மேலே தொட்டிப்பாலமாகக் கால்வாய் போகிறதா, அல்லது ஆற்றுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் எழுகிறதா என்று தெரிந்துகொண்டால் நமக்கு வழி இருக்கிறதா இல்லையா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். வழி இல்லை என்றால் ஊர்ச் சாலையில் சுற்றி வரவேண்டும், அதையும் தூரத்தில் சேர்த்துக்கொள். இரவில் கால்வாய்க் கரை வேண்டவே வேண்டாம். சிமென்ட் பூசிய சாய்வுச் சுவர் பாசி பிடித்து வழுக்கும், நீரும் வேகமாக ஓடும், நீச்சல் தெரிந்தவனுக்கே அதில் ஏறி வருவது கடினம். குடிக்கவும் அந்தத் தண்ணீர் ஆகாது, வயலில் அடிக்கும் உரமும் மருந்தும் அதில் கலந்திருக்கலாம். நாள் முழுக்கத் தண்ணீரை ஒட்டியே போனாலும் குடிநீரைச் சுமந்துதான் போகவேண்டும்.

நீர்த்தேக்கத்தைச் சுற்றுவது முற்றிலும் வேறு வேலை. வரைபடத்தில் நீலத்தை ஒட்டிப் போகும் சாலை சமமாகத்தான் தெரியும். ஆனால் முழு நீர்மட்டத்துக்கு மேலேதான் சாலை போட முடியும், மூழ்கிப்போன ஒவ்வொரு ஓடைப் பள்ளமும் ஒரு விரல்போலக் கரைக்குள் நீண்டிருக்கும், சாலை அந்த விரலைச் சுற்றி உள்ளே போய் இறங்கிப் பாலம் தாண்டி மறுபடி ஏறும். இங்கிலாந்தில் கீல்டர் நீர்த்தேக்கத்தைச் சுற்றிச் சுமார் 42 கிலோமீட்டருக்கு ஒரு பாதை இருக்கிறது, ஏரிக்கரைதானே என்று நம்பி வருபவர்களை அதன் ஏற்ற இறக்கங்கள் நன்றாகவே வாட்டும். ஆகவே சுற்றுக்கு நீ போட்ட நேரத்தை இரட்டிப்பாக்கு. அணையின் மேல்பாதையில் சைக்கிளை விடுவார்களா என்றும் முன்கூட்டியே கேட்டுவிடு. பாதுகாப்புக்காகப் பல அணைகளில் விடமாட்டார்கள். விடாவிட்டால் அணைக்குக் கீழே இறங்கி ஆற்றைத் தாண்டி, அணையின் உயரம் முழுவதையும் மறுபக்கம் ஏறவேண்டிவரும். விட்டால் காலையிலேயே கடந்துவிடுவோம், வெயில் ஏற ஏற அந்தத் திறந்த நீர்ப்பரப்பில் காற்று வலுத்துவிடும். நீர் வற்றியிருந்தால் பழைய சாலையெல்லாம் வெளியே தெரியும், போய்ப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வெடித்துக் காய்ந்த வண்டல் மேலே மட்டும்தான் காய்ந்திருக்கும், உள்ளே சேறு. அதில் வண்டியை இறக்க வேண்டாம்.

நான் சொல்லும் வரிசைக்கு அருமையான உதாரணம் பிரான்சில் இருக்கிறது. துலூஸிலிருந்து சேத் வரை 240 கிலோமீட்டர் போகும் மிடி கால்வாய், பியர் பால் ரிக்கே முன்னின்று வெட்டி 1681-இல் முடிந்தது. அது படகுகள் போக வெட்டிய கால்வாய், அதன் மிக உயரமான இடம் நோரூஸ். இரண்டு பக்கமும் இறங்கும் கால்வாய்க்கு அந்த உச்சியில் தண்ணீர் வேண்டுமே, அதற்காகவே சென் ஃபெரியோல் நீர்த்தேக்கத்தைக் கட்டி, சிறு வாய்க்கால் வழியாக அங்கே கொண்டுவந்தார்கள். பெரிய கால்வாயில் வந்து, நோரூஸில் திரும்பி, அந்த மெல்லிய வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே போனால் அது நீர்த்தேக்கத்தின் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும். என்றாவது ஒருநாள் நாம் இருவரும் அங்கே ஓட்ட வேண்டும். அதன் கரையில் நின்ற பிளேன் எனும் நிழல் மரங்களை 2006-இல் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய் தாக்கி, ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டார்கள் என்று படித்தபோது மனசு கஷ்டப்பட்டது. புதிய மரங்கள் நடுகிறார்கள், நிழல் திரும்ப வர ஆண்டுகள் ஆகும்.

இந்தப் பாதைகள் தானாக மிஞ்சிவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சேசபீக் அண்ட் ஒஹையோ கால்வாய் 1924-இல் மூடப்பட்டது, பிறகு அதன் கரையில் கார்ச் சாலை போடலாம் என்று பேச்சு வந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், பத்திரிகைக்காரர்களை அழைத்துக்கொண்டு 1954-இல் அந்தப் பாதை முழுவதையும் நடந்து காட்டினார். 1971-இல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவானது. இன்று சுமார் 297 கிலோமீட்டர் சைக்கிளில் போகலாம். நம் வண்டிகள் போனால் கரைப்பாதையை நாலு பேர் கவனிப்பார்கள் என்று நான் நிஜமாகவே நம்புகிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். உன் வண்டியின் முன்கவட்டில் 40 மில்லிமீட்டர் டயர் உரசாமல் சுழலுமா என்று பார்த்து எழுது. 28-ஐ வைத்துக்கொண்டு சரளைக் கரையில் வராதே, உள்ளங்கையும் முதுகும் தாங்காது. முள் இருக்கும், ஆளுக்கு இரண்டு டியூப் கட்டாயம், பம்பு நான் கொண்டுவருகிறேன். கால்வாயில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று விசாரித்துவிட்டுத் தேதியைச் சொல், ஓடும்போதே போவோம். வறண்ட கால்வாயைப் பார்க்க அவ்வளவு தூரம் போக எனக்கு மனமில்லை.

அன்புடன்,
உன் பழைய சைக்கிள் தோழன்