வள்ளிக்கு எப்போது கல்யாணம்?

இசை நாடக விழா நடத்தி, விருதும் வழங்கும் சபாவின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எம்.சி. ரோட்டில் ஒரு ரெடிமேட் கடையில் கணக்கு எழுதுகிறேன். உங்கள் விழாவுக்குப் பல வருடமாக டிக்கெட் வாங்கி வருகிறவள். கூடவே என் அம்மாவும் வருவாள். போன சனிக்கிழமை விருதும் பொன்னாடையும் பேச்சுமாக நேரம் போய், 'வள்ளி திருமணம்' நாடகத்துக்குத் திரை எவ்வளவு தாமதமாக விலகியது என்பது உங்களுக்கே தெரியும். நான் எங்கள் வீட்டுக் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் அரங்கில் இதுவரை நான்கு முறை 'வள்ளி திருமணம்' பார்த்திருக்கிறோம். நான்கு முறையும் வள்ளிக்குத் திருமணம் ஆகவில்லை.

தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடுவதைப் பார்ப்போம். நாரதர் வந்து தர்க்கம் செய்வதைப் பார்ப்போம். அது நீளும், நீளத்தான் வேண்டும், அதற்குத்தானே வருகிறோம். முருகன் வேடனாக வந்து போய்க் கிழவராக வந்ததும் அம்மா என் கைக்கடிகாரத்தைத் தொட்டுப் பார்ப்பாள். யானை வரும்போது நாங்கள் வாசலில் செருப்பு தேடிக்கொண்டிருப்போம். உள்ளே ஆர்மோனியம் ஏறிக்கொண்டு போகும். அம்மாவுக்கு முட்டி வலி, வேகமாக நடக்க முடியாது. பதினொரு மணிக்கு மெட்ரோ முடிந்துவிடும். அதைத் தவறவிட்டால் ஆட்டோதான். "வண்ணாரப்பேட்டையா? திரும்பி வர சவாரி கிடைக்காதும்மா" என்று ஆட்டோக்காரர் கேட்கும் காசில் அடுத்த வருடத்துக்கும் டிக்கெட் எடுத்துவிடலாம்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான்: நாடகத்தை ஒன்பதரைக்குள் முடியுங்கள்.

அதற்காகப் பாட்டை வெட்டச் சொல்லவில்லை. வெட்ட வேண்டியது வேறு இருக்கிறது. போன சனிக்கிழமை பொன்னாடை மட்டும் பதினேழு. நான் எண்ணினேன், கணக்கு எழுதுகிறவள் இல்லையா? ஒவ்வொரு பொன்னாடைக்கும் ஒரு புகைப்படம், அதற்கு அப்புறம் 'இரண்டே வார்த்தை' என்று ஆரம்பிக்கும் ஒரு பேச்சு. கடைசியில், 'நேரமின்மை காரணமாக' என்று சொல்லி, சிறந்த பின்பாட்டுக்கான பரிசை அலுவலகத்தில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னீர்கள். இசை நாடக விழாவில் இசைக்குத்தான் நேரமில்லை.

எனக்கு இந்த விருதுப் பைத்தியம் பிடித்தது ரஹ்மானால். அவர் இசையில் 'பாம்பே டிரீம்ஸ்' என்ற இசை நாடகம் 2002இல் லண்டனில் மேடையேறி, 2004இல் நியூயார்க்கின் நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்குப் போனது. அந்த வருடம், பிராட்வே நாடகங்களுக்குக் கொடுக்கும் டோனி விருதுப் பட்டியலில் மூன்று பிரிவுகளில் அதன் பெயர் இருந்தது. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நம்ம ஊர்க்காரர் ஆயிற்றே என்று அப்போது தேட ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. டோனி விழா அங்கே ஜூன் மாதத்து ஞாயிறு இரவு என்றால் நமக்குத் திங்கள் விடியற்காலை. தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு, யாருக்கு என்ன பரிசு என்று போனில் பார்த்துக்கொண்டு நிற்பேன். தெருவில் எல்லோருக்கும் இது தெரியும், ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

1947இல் ஆரம்பித்த விருது அது. போட்டியில் இருக்கும் இசை நாடகக் குழுக்கள் அந்த மேடையிலேயே ஆளுக்கொரு பாட்டு பாடி ஆடிக் காட்டுவார்கள். பரிசு வாங்கியவர் பேசிக்கொண்டே போனால் வாத்தியக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்துவிடுவார்கள், அவரும் சிரித்துக்கொண்டே இறங்கிவிடுவார். நம்மிடம் மிருதங்கம் இல்லையா என்ன?

சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகம் விடிய விடிய நடப்பதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். விடிய விடிய நடந்தால் எனக்கும் சம்மதம். முதல் பஸ் பிடித்து வீடு வந்து டீ போட்டுக் குடித்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன். நீங்களோ பத்தே முக்காலுக்கு முடிக்கிறீர்கள். விடியலும் இல்லை, ரயிலும் இல்லை. அரங்கத்துக்கு வெளியே காரை நிறுத்தியவர்களுக்கு மட்டும் வசதியான நேரம் அது.

இதை நேரில் சொன்னபோது உங்களில் ஒருவர், "உங்க பக்கம் நாடகம் யாரும்மா பார்க்கிறா? கானாதானே" என்றார். கானாவும் கேட்போம் ஐயா, அதிலென்ன குறைச்சல்? ஆனால் வால்டாக்ஸ் ரோட்டில் ஒற்றைவாடைக் கொட்டகை என்று ஒன்று இருந்தது. பட்டணத்துக்கு வந்த பெரிய நாடகக் கம்பெனிகள் அங்கேதான் கொட்டகை பிடித்தன. என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு நேராக அங்கே போய்த் தரை டிக்கெட்டில் உட்காருவாராம். ராஜபார்ட் தாளம் தப்பினால் தரையிலிருந்துதான் முதல் சத்தம் வருமாம். அவர் மகள்தான் என் அம்மா. வள்ளியின் பாட்டு முழுக்க அவளுக்கு மனப்பாடம். கூவத்துக்குத் தெற்கே மட்டும்தான் காது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு விழா நடத்துகிறீர்களோ என்று சில சமயம் தோன்றுகிறது.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும். வடசென்னையில் ஒரு நாடகமாவது போடுங்கள் என்று கேட்க நினைத்தேன். அதை இன்னொரு மடலில் கேட்கிறேன். இப்போதைக்கு ஒன்பதரை. ஐந்தரைக்குத் தொடங்குங்கள், பொன்னாடைகளை நாடகம் முடிந்த பிறகு போர்த்துங்கள். இருக்கிறவர்கள் இருந்து பார்க்கட்டும்.

போன சனிக்கிழமை சர் தியாகராயா கல்லூரி மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி நடந்து வரும்போது அம்மா வள்ளி பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். யானை வரும் இடத்தில் நின்றுவிட்டாள். "அதுக்கப்புறம் மெட்டு மறந்துபோச்சுடி" என்றாள்.

அடுத்த மாதமும் 'வள்ளி திருமணம்' என்று அறிவித்திருக்கிறீர்கள். இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன், வழக்கம்போல வாசலை ஒட்டிய ஓரத்து நாற்காலிகள். தயவுசெய்து ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டை ரசிகை